பில் இல்லாத பேட்டரிக்கு வளைகாப்பு

வாப்பு பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. 2025-ல ஒரு ரீல்ஸைப் பாத்துட்டு ஊர் உலகமே வண்டி கட்டிக்கிட்டு நம்ம கூமாப்பட்டிக்கும் பிளவக்கல் அணைக்கும் வந்துச்சு. சொந்த ஊருக்கு வர ஒனக்கு மட்டும் லீவு கெடைக்கல. இப்ப வீட்டுல இருந்தே சோலி பாக்கலாம்னு கம்பெனியில சொன்னதும் பையத் தூக்கிக்கிட்டு வந்துட்ட. சந்தோசம். ஆனா வந்தவன் ஒரு புள்ளத்தாச்சியையும் கூடவே கூட்டியாந்திருக்கியே, அதத்தான் என்னால பாத்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியல.

முழிக்காத. ஒன் லேப்டாப்பத்தான் சொல்றேன். வெரலால தடவுவியே ஒரு கட்டம், டச்பேடு, அது ஒரு பக்கம் ஒசந்து நிக்குது. அமுக்குனா டிக்குனு சத்தம் வரணும்ல, வரல. அடிமூடியும் மேல்மூடியும் சேருற எடத்துல நகம் நுழையுற அளவுக்கு வாய் பொளந்து கெடக்கு. மேசையில வச்சா கால் நாலும் படியாம ஆடுது. இது எத்தனையாவது மாசம்? சொன்னியன்னா ஒங்க அப்பத்தாகிட்ட அஞ்சு வகைச் சோறு ஆக்கச் சொல்லி, கண்ணாடி வளையல் ஒரு டசன் வாங்கியாந்து, வளைகாப்ப முடிச்சுப்புடலாம்.

சிரிக்கிற. பேட்டரி உப்பிருச்சு ராசா. உள்ள இருக்குற ரசாயனம் கெட்டுப் போயி வாயு பிரிஞ்சு, வெளிய போக வழியில்லாம பையை ஊதிக்கிட்டு நிக்குது. "ரெண்டு மாசமா இப்படித்தான் இருக்கு தாத்தா, ஒண்ணும் ஆகல"ங்கிற. சரிதான். ஆகுற வரைக்கும் எதுவும் ஆகாதுதான்.

அதுக்கு நீ செய்யுற உபசாரத்தையும் பாக்குறேன். மெத்தை மேல வைக்கிற; அடியில காத்து போற ஓட்டைய மெத்தை அடைச்சுக்கிருது. அது பத்தாதுன்னு தலகாணிய அண்டக் குடுக்குற. ராத்திரி சார்ஜப் போட்டு, போர்வைக்குள்ள கூடவே படுக்க வைக்கிற. பிளக்குல எர்த் பின்ன ஒடிச்சுப்புட்டு ரெண்டு காலோட சொருகியிருக்க. அந்தச் சார்ஜராவது லேப்டாப்போட பொறந்ததான்னா அதுவுமில்ல, வேற கம்பெனிது. முனை பொருந்துச்சுன்னு மாட்டிக்கிட்ட. நல்லாச் செய் அப்பு. பேட்டரிக்கும் குளிரும்ல?

நெருப்பப் பத்தி நம்ம மாவட்டத்துக்காரனுக்குப் பாடம் எடுக்கக் கூடாதுதான். பக்கத்துல சிவகாசி இருக்கு. அங்க பட்டாசு ஆலையில ஒரு ரூமுக்குள்ள நாலு பேருக்கு மேல உக்காந்து வேலை பாக்கக் கூடாதுன்னு விதி. எங்கெங்க அந்த விதிய மீறுனாகளோ அங்கதான் பேப்பர்ல போட்டோ வருது. கரிமருந்தத் தொட்டுப் பொழைக்கிறவன் அதுக்குன்னு தனியா ரூம் கட்டி, எட்டத்துல வச்சு வேலை பாக்குறான். பெங்களூர்ல படிச்சுக் கிழிச்ச நீ, தீப்புடிக்கிற சாமான தலமாட்டுல வச்சுக்கிட்டுத் தூங்குற. இதுல யாரு பட்டிக்காட்டான்னு நீயே சொல்லு.

அது உள்ள என்னதான் இருக்குன்னு கேப்ப. எனக்கு என்ன தெரியும், நாலு தென்னையும் ரெண்டு மாடும் வச்சிருக்குற பய. பேப்பர்ல படிச்சதச் சொல்றேன். ரெண்டு தகடு, நடுவுல ஒரு சவ்வு. தலைமுடியை விட மெல்லிசான சவ்வு. சுத்தி இருக்குற திரவம் பெட்ரோலாட்டம் எரியக்கூடிய சங்கதி. அந்தச் சவ்வு ஓட்டையானாலோ சூட்டுல சுருங்குனாலோ ரெண்டு தகடும் ஒட்டிக்கிரும். ஒட்டுனா சூடு. அந்தச் சூட்டுல ரசாயனம் தானா இன்னும் சூட்டக் கெளப்பும். ஒரு செல்லு பத்துனா பக்கத்துச் செல்லும் பத்தும். அப்புறம் நீ பிளக்கப் புடுங்குனாலும் நிக்காது. அதுக்குக் கரண்டும் வேணாம், ஒன் உத்தரவும் வேணாம்.

சவ்வு ஏன் ஓட்டையாகுதுங்கிறதுக்கு 2006-ல நடந்த கதை இருக்கு. ஜப்பான்ல சோனி கம்பெனி செஞ்ச செல்லுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உலோகத் துணுக்கு விழுந்து கெடந்திருக்கு. அது போயி உரசி, உள்ளயே ஷார்ட் ஆயிருச்சு. அந்த வருசம் ஒசாகாவுல ஒரு கூட்டத்துல டெல் லேப்டாப் ஒண்ணு தீப்புடிச்சு எரிஞ்ச போட்டோவ உலகமே பாத்துச்சு. ஆகஸ்டு மாசம் டெல் 41 லட்சம் பேட்டரியத் திரும்பக் கூப்புட்டான். பத்து நாள் கழிச்சு ஆப்பிள் 18 லட்சம். அப்புறம் லெனோவா, தோஷிபா, புஜிட்சுன்னு வரிசை கட்டி, கடைசியில சோனி செல் போட்ட லேப்டாப் பேட்டரி 96 லட்சம் வாபஸ். பேரு வேற வேற, விலை வேற வேற. வயித்துக்குள்ள இருந்தது ஒரே கம்பெனிச் செல்லு. "நான் பெரிய கம்பெனி மாலு வச்சிருக்கேன், எனக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு நீ மீச முறுக்குறதுக்கு முன்னால இத நெனச்சுக்க.

மறு வருசம் நம்ம ஊர்ப் பக்கத்துக்கே வந்துருச்சு. 2007 ஆகஸ்டு 14. நீ அப்ப ட்ரவுசர் போட்டுக்கிட்டுத் திரிஞ்ச பய. நோக்கியாவோட பிஎல்-5சி பேட்டரி, கையடக்கமா எல்லார் போன்லயும் இருக்கும்ல, அதுல 4 கோடியே 60 லட்சம் பேட்டரி சார்ஜ் ஏறும்போது சூடாகலாம், எலவசமா மாத்தித் தர்றோம்னு கம்பெனியே அறிவிச்சான். 2005 டிசம்பர்லருந்து 2006 நவம்பர் வரைக்கும் மத்சுஷிதா கம்பெனி செஞ்ச பேட்டரி. அதுவரைக்கும் வந்த புகார் ஒரு நூறுதான். நூறு புகாருக்கு நாலரைக் கோடியக் கூப்புட்டான் பாரு, அதத்தான் யோக்கியமான வேலைங்கிறது. நம்ம டீக்கடையில அன்னைக்கு எல்லாரும் போன் முதுக ஒரிச்சு, பேட்டரிய வெளிய எடுத்து, அதுல இருந்த 26 எழுத்த வெள்ளெழுத்துக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு மந்திரம் மாதிரி வாசிச்சாக. எழுதப் படிக்கத் தெரியாதவுக பள்ளிக்கூடத்துப் புள்ளைகளக் கூப்புட்டு வாசிக்கச் சொன்னாக. கொஞ்ச நாளைக்கு நாடே நம்பர் பாத்துச்சு. அப்புறம் மறந்துருச்சு.

நீ மட்டும் மறக்காம இருந்தியா? இப்பக் கேக்குறேன், ஒன் லேப்டாப்போட சீரியல் நம்பர் என்ன? பேட்டரியில என்ன எழுதியிருக்கு? கிரிக்கெட்டுல எவன் எந்த வருசம் எத்தனை ரன்னு அடிச்சான்னு சொல்லுவ. தலமாட்டுல படுக்குற சாமானோட பேரு தெரியாது. கவுத்துப் போட்டுப் பாருப்பு. அந்தப் பொடி எழுத்து அங்க அழகுக்கு அச்சடிச்சு வைக்கல.

ஒருக்காப் பாத்துட்டு ஓஞ்சிறவும் கூடாது. எச்.பி. கம்பெனி 2016 ஜூன்ல 41,000 பேட்டரியத் திரும்பக் கூப்புட்டான். பட்டியல்ல நம்ம நம்பர் இல்லைன்னு நிம்மதியாப் படுத்தவன் பல பேரு. 2017 ஜனவரியில அதே கம்பெனி இன்னும் 1,01,000 பேட்டரியச் சேத்தான். மொதப் பட்டியல்ல தப்பிச்சவன் ரெண்டாவதுல மாட்டுனான். 2019 ஜூன்ல ஆப்பிள், 2015 செப்டம்பருக்கும் 2017 பிப்ரவரிக்கும் நடுவுல வித்த 15 அங்குல மேக்புக் ப்ரோவத் திரும்பக் கூப்புட்டான். ரெண்டு மாசத்துல நம்ம நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகம், பேட்டரிய மாத்துற வரைக்கும் அந்த லேப்டாப்ப விமானத்துல கொண்டாராதீகன்னு சொல்லிருச்சு. லட்ச ரூவாய்க்கு மேல குடுத்து வாங்கினவன் ஏர்போர்ட்டு வாசல்ல நிக்கிறான். பணக்காரன் வீட்டுப் பேட்டரி, ஏழை வீட்டுப் பேட்டரின்னு நெருப்பு பேதம் பாக்கிறதில்ல.

வானத்துலயே பத்துன கதையும் இருக்கு. 2016 செப்டம்பர் 23. சிங்கப்பூர்லருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானம். தலைக்கு மேல பை வைக்கிற பெட்டியிலருந்து புகை. தெறந்து பாத்தா ஒரு பைக்குள்ள சாம்சங் நோட் 2 போன் புகைஞ்சுக்கிட்டிருக்கு. விமானத்துல வேலை பாக்குற புள்ளைக பதறல. ஆளுகள வேற சீட்டுக்கு மாத்துனாக, தீயணைப்பான அடிச்சாக, போனத் தூக்கிக் கழிப்பறைக்குள்ள தண்ணி நெறஞ்ச பாத்திரத்துல முக்குனாக. விமானம் பத்திரமா சென்னையில எறங்குச்சு. அந்த மாசந்தான் சாம்சங் நோட் 7-ஐ உலகம் பூரா வாபஸ் வாங்கிக்கிட்டிருந்தான். புகைஞ்சது அது இல்ல, வாபஸ் பட்டியல்லயே இல்லாத பழைய நோட் 2. பட்டியல்ல இல்லைங்கிறது நல்ல சேதி; ஆயுசுக்கும் உத்தரவாதம்னு நெனச்சுறாத.

இதுவரைக்கும் சிரிச்சுச் சொன்னேன். இதச் சிரிச்சுச் சொல்ல முடியாது. 2022 மார்ச்சு கடைசி, வேலூர்ப் பக்கம். ராத்திரி வீட்டுல சார்ஜப் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்புடிச்சு, புகையில மூச்சுத் திணறி ஒரு அப்பாவும் பள்ளிக்கூடம் போற அவர் மகளும் செத்துப் போனாக. தீ அவுகளத் தொடல, புகைதான் கொன்னுச்சு. மூணு வாரம் கழிச்சு, ஏப்ரல் 16-ந் தேதி, அந்த ஸ்கூட்டர் கம்பெனி ஒக்கினாவா 3,215 வண்டியத் திரும்பக் கூப்புட்டு, பேட்டரியில கனெக்டர் தளர்ந்திருக்கா, சேதம் இருக்கான்னு சோதிக்கிறோம்னு சொன்னான். தாக்கல் வந்துச்சு. வந்த நேரத்தப் பாத்துக்க.

இப்ப ஒன் கதைக்கு வருவோம். பழைய லேப்டாப்ப டவுன்ல ஒரு கடையில வாங்கின. பேட்டரி போயிருச்சுன்னு அதே கடையில கம்பெனி விலையில கால்வாசிக்குப் புதுசு போட்ட. பில்லு எங்கடான்னு கேட்டா, விசிட்டிங் கார்டுக்குப் பின்னால "பேட்டரி 3 மாசம்"னு பால் பாயிண்ட் பேனாவுல எழுதுனத எடுத்து நீட்டுற. ஜி.எஸ்.டி. இல்லாம நூத்துக்குப் பதினெட்டு மிச்சம்னு பெருமை வேற. அடேயப்பா, கெட்டிக்காரன்! கம்பெனிக்கு நாளைக்கே ஞானம் வந்து, "எங்க பேட்டரியில கோளாறு, எல்லாரும் திருப்பிக் குடுங்க"ன்னு தாக்கல் அனுப்புனா, யாருக்கு அனுப்புவான்? பில்லு போட்டவனுக்கு, நம்பரப் பதிஞ்சவனுக்கு. ஒன் பேரு எந்த ஏட்டுலயும் இல்ல. அத விட, போலி பேட்டரி செஞ்சவன் எங்க இருந்துடா வாபஸ் வாங்குவான்? அவன் தகரக் கொட்டகைய இந்நேரம் வேற ஊருக்கு மாத்தியிருப்பான். பில்லு இல்லாதவன் வீட்டுக்குக் கம்பெனித் தாக்கல் வராது. நெருப்பு மட்டும் விலாசம் கேக்காம வரும்.

அசலா போலியான்னு பாக்குறதுக்கும் வழி இருக்கு. நம்ம நாட்டுல லேப்டாப்பு, அடாப்டர், லித்தியம் பேட்டரி, பவர் பேங்க் எல்லாத்துக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தோட பதிவு கட்டாயம். மேல அந்த முத்திரையும், ஆர் எழுத்துல ஆரம்பிச்சு எட்டு எலக்க நம்பரும் இருக்கணும். பிஐஎஸ் கேர்னு ஒரு ஆப் இருக்கு. அதுல நம்பரப் போட்டா எந்தக் கம்பெனி, எந்தச் சாமானுக்கு வாங்கின பதிவுன்னு காட்டும். ஒன் பேட்டரிக்கு அந்த நம்பரு பவர் பேங்க் கம்பெனியக் காட்டுச்சுன்னா, கடைக்காரன் ஒனக்கு வச்சது நாமம்.

பரண்ல கெடக்குறதையும் எறக்கிப் பாக்கணும். 2011-லருந்து அரசாங்கம் பள்ளிக்கூடத்துப் புள்ளைகளுக்கு எலவச லேப்டாப் குடுத்துச்சு. மொத்தமா 50 லட்சத்துக்கு மேல. நம்ம தெருவுலயே வீட்டுக்கு ஒண்ணு. ஒங்க அத்தை மக வாங்குனது தகரக்கூரைக்குக் கீழ மச்சுல, பழைய மொறத்துக்கும் கிழிஞ்ச சாக்குக்கும் நடுவுல தூங்குது. சித்திரை வெயில்ல அந்த மச்சுல கைய வைக்க முடியாது. லித்தியம் பேட்டரிக்குச் சூடுதான் சத்துரு. சார்ஜ் ஏத்தும்போது பொதுவா 45 டிகிரிக்கு மேல போகக் கூடாதுங்குறாக. வருசக்கணக்காச் சூட்டுல கெடந்தத எடுத்து, "ஓடுதான்னு பாப்போம்"னு ராத்திரி சார்ஜப் போட்டுட்டுப் படுக்குறது வீரம் இல்ல, திமிரு. 2025 பட்ஜெட்டுல கல்லூரிப் புள்ளைக 20 லட்சம் பேருக்கு லேப்டாப்னு மறுபடியும் அறிவிச்சாக. புதுசு வாங்குற புள்ளைகளுக்கும் இதச் சொல்லு: பெட்டியப் பிரிச்சதும் மொத வேலை, அடியில இருக்குற நம்பர ஒரு போட்டோ. ஸ்டிக்கர் ஒட்டுறது, சாமி படம் வைக்கிறது எல்லாம் அதுக்கப்புறம்.

சரி, உப்புன பேட்டரிய என்ன செய்யுறது? மொதல்ல, செய்யக் கூடாததச் சொல்றேன், ஏன்னா நீ அதத்தான் செய்வ. ஊசியால குத்திக் காத்த எறக்காத. அமுக்கிச் சமப்படுத்தாத. யூடியூபப் பாத்துட்டு ஸ்குரூ டிரைவரோட உக்காராத. குப்பையில போடாத, காயலான் கடைக்காரன்கிட்டயும் போடாத, அவன் சுத்தியலால ஒடைப்பான். கொரியர்லயும் அனுப்பாத. சார்ஜ நிறுத்து, லேப்டாப்ப அமத்து, தீப்புடிக்கிற சாமான் எதுவும் பக்கத்துல இல்லாத சிமெண்டுத் தரையில வை. வெரசாக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போ. பழசானத வாங்கிக்கிற பொறுப்பு பேட்டரி செஞ்சவனுக்குத்தான்னு 2022-ல பேட்டரிக் கழிவு விதியே வந்திருக்கு. கூச்சப்படாமக் கேளு.

அதுக்கு முந்தியே பத்திக்கிச்சுன்னா? புஸ்ஸுன்னு சத்தம், இனிச்ச மாதிரி ஒரு நாத்தம், அப்புறம் வெள்ளப் புகை. வீடியோ எடுக்காத. அந்தப் புகை விசம். மொதல்ல ஆளுகள வெளிய அனுப்பு. முடிஞ்சா மெயின் சுவிட்ச அமத்து. 101-க்கோ 112-க்கோ போனப் போடு. லேப்டாப்பு, செல்போன் அளவுன்னா, கரண்டு அத்துப் போயிருச்சுன்னு நிச்சயமானா, எட்ட நின்னு தண்ணிய ஊத்து, ஊத்திக்கிட்டே இரு. லித்தியத்துல தண்ணி படக் கூடாதுன்னு எவனோ சொன்னதக் கேட்டுக்கிட்டு நிக்காத; இந்த பேட்டரிக்குச் சூட்டத் தணிக்கிறதுதான் வைத்தியம், விமானத்துல அந்தப் புள்ளைக செஞ்சதும் அதான். அணைஞ்ச மாதிரி இருந்துட்டு மறுபடி பத்தும், ஒடனே கையால எடுக்காத. ஸ்கூட்டர் அளவுன்னா கிட்டவே போகாத, ஓடிரு. அதுக்காகத்தான் சொல்றது, வாசல மறிச்சு வச்சு எதையும் சார்ஜ் போடக் கூடாதுன்னு. வத்திராயிருப்புலருந்து தீயணைப்பு வண்டி வர்றதுக்கு நேரமாகும்; புகைக்கு அவ்வளவு நேரம் வேணாம்.

கடைக்காரன் கையை விரிச்சாலும் விட்டுறாத. 1915-க்குப் போன் பண்ணு, தேசிய நுகர்வோர் உதவி எண், காசு கெடையாது. ஆபத்தான சாமானத் திரும்ப வாங்கு, பணத்தத் திருப்பிக் குடுன்னு உத்தரவு போடுற அதிகாரம் 2019 சட்டத்துல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு இருக்கு. கேசே போடணும்னாலும் மதுரைக்கு அலைய வேணாம். நம்ம மாவட்ட நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூர்லயே இருக்கு. வாய்க்கா வரப்புக் கேசுக்காக அந்த ஊர்க் கோர்ட்டுக்கு நடந்து நடந்து நான் தேச்ச செருப்பு கொஞ்சமில்ல, அதனால சொல்றேன்: அஞ்சு லட்சம் வரைக்கும் விலையுள்ள சாமானுக்கு அங்க கட்டணமே கெடையாது. ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். ஆனா போனதும் மொதக் கேள்வி, "பில்லு இருக்கா?" விசிட்டிங் கார்ட நீட்டிப் பாரு, திரும்பி வர்ற வழியில நாச்சியார் கோயில் கோபுரத்தப் பாத்துக் கும்புட்டுட்டு, பால்கோவா வாங்கிக்கிட்டு வரலாம். கூகுள் பேயில பணம் அனுப்புன தாக்கல் இருந்தா அதையாவது அழிக்காம வை, அதுவும் ஒரு சாட்சிதான்.

ஆக, வளைகாப்ப நிறுத்திப்புட்டேன் பேராண்டி. இன்னைக்கு ராவுலருந்து அது மெத்தையில படுக்காது, சார்ஜும் ஏத்தாது. நாளைக்கு மொத பஸ்ஸுல ராஜபாளையமோ மதுரையோ, எங்க அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டர் இருக்கோ அங்க போறது ஒன் சோலி. புது பேட்டரி விலை கூடன்னு மொனகாத. காசு பத்தலைன்னா என் தென்னங்காய்க் காசத் தாறேன், வட்டி வேணாம். ஒண்ணே ஒண்ணு மட்டும் கொண்டாந்து காட்டு: ஒன் பேரு, தேதி, சீரியல் நம்பரு மூணும் அச்சடிச்ச பில்லு. அது இல்லாம இந்த வீட்டு பிளக்குல எந்தச் சாமானும் ஏறாது.